இராபர்ட் கோக்கும் மாட்டு வெக்கையும்

தோற்றுவாய்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருள். வள்ளுவரும் அச்சொல்லை அப்பொருளில் ஆண்டுள்ளார். பகைவர்மேற் போர் தொடங்க விழைந்த பழந்தமிழ் வேந்தர் முதற்கண் அவர்தம் ஆநிரைகளைக் கவர்ந்தனர். கவர்தலை வெட்சி என்றும், மீட்டலைக் கரந்தை என்றும் இலக்கண நூலார் வகுத்தனர். ஒரு நாட்டின் உயிர்நிலை அதன் கால்நடைகளிடத்தே உள்ளது என்பதை நம் முன்னோர் எத்துணைத் தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு இவையே போதிய சான்றாகும்.

வில்லும் வேலும் ஏந்தாமல், ஓசையின்றி ஊர் புகுந்து, நிரை நிரையாக மாடுகளைக் கவர்ந்து சென்ற பகை ஒன்றும் இருந்தது. அதனை மீட்கும் கரந்தை வீரர் எவரும் நெடுங்காலம் தோன்றவில்லை. நம் உழவர் அதனை வெக்கை நோய் என்றனர். செஞ்சிக் கோட்டையை அடுத்த மேல்சித்தாமூர் போன்ற ஊர்களில் ஏர் உழுதலும், கவலை இழுத்தலும், பாரவண்டி செலுத்தலும் ஆகிய அனைத்தும் எருதுகளையே சார்ந்திருந்த காலத்தை எண்ணுக. உழவுப் பருவத்தில் ஓரிணை எருது மாயின், அவ்வாண்டின் விளைவும் மாயும். அடுத்த ஆண்டின் விளைவும் கடன் பத்திரத்தில் எழுதப்படும். வெக்கை புகுந்த ஊரில் ஓரிணை மட்டும் மாய்வதில்லை.

நோய் கண்ட மாட்டிற்கு முதலிற் கடுங்காய்ச்சல் தோன்றும். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகும். பின்னர் அது சீழாகும். வாயினுள் புண் பரவும், தீனி செல்லாது, மூச்சு வாங்கும், இறுதியிற் கடுங்கழிச்சல் உண்டாகி, சில நாட்களில் மாடு சாயும். நோயுற்ற மாட்டின் மூச்சும் ஒழுக்குமே அடுத்து நிற்கும் மாட்டிற்கு நஞ்சாகும். ஒரே தொழுவிலும் ஒரே சந்தையிலும் நின்றவை ஒருங்கே அழியும்.

மேலைநாட்டார் இதற்குக் கண்ட வழி ஒன்று உண்டு. நோயுற்றவற்றையும் அவற்றோடு நின்றவற்றையும் கொன்று ஆழப் புதைத்தலே அது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமாபுரியில் இலான்சிசி என்னும் மருத்துவர் இதனை வற்புறுத்தினார். 1865இல் இங்கிலாந்தில் வெக்கை புகுந்தபோதும் முடிவில் இவ்வழியே கொள்ளப்பட்டது. நம் நாட்டிற்கு இது பொருந்துமா? மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணரின் திருமடம் அமைந்த ஊர். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர் வாழுமிடம். பிற சமயத்து உழவரும் தம் தொழுவத்து மாட்டைக் கொல்ல ஒருப்படார். ஆகவே, கொல்லாது காக்கும் வழி ஒன்றே இந்நாட்டிற்கு ஏற்ற வழியாயிற்று. அவ்வழியை நாடிய முன்னோடிகளுள் ஒருவர் ஜெர்மானியப் பேரறிஞர் இராபர்ட் கோக் ஆவார். காசநோய்க் கிருமியைக் கண்டவர் என்று அவரை யாவரும் அறிவர். வெக்கையோடு அவர் பொருத வரலாற்றை அறிந்தோர் சிலரே. அதனைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

கோக், 1843ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் உள்ள கிளாஸ்தால் என்னும் சுரங்க ஊரிற் பிறந்தார். தந்தையார் சுரங்க அலுவலர். மக்கள் பதின்மூவருள் இவர் மூன்றாமவர். ஐந்து வயதிலேயே செய்தித்தாளைத் துணையாகக் கொண்டு தாமே எழுத்தறிந்து பெற்றோரை வியப்பில் ஆழ்த்தினார் என்பர்.

1862இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். ஆங்கு உடற்கூறு கற்பித்த யாக்கோபு ஹென்லே என்னும் ஆசிரியர், தொற்றுநோய்களுக்கு உயிருள்ள நுண்பொருள்களே காரணமாதல் வேண்டும் என்று 1840லேயே எழுதியவர். அக்கருத்தை அன்று மெய்ப்பிக்க வல்லார் இலர். ஆசிரியர் கருத்தளவில் விட்டதை மாணவர் கண்கூடாக்கினார். 1866இல் கோக் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு எம்மி என்னும் மங்கையை மணந்தார். 1870இல் மூண்ட பிரெஞ்சுப் போரில் மருத்துவராகத் தொண்டாற்றியபின், 1872இல் வோல்ஸ்டைன் என்னும் சிற்றூர்ப் பகுதிக்கு அரசாங்க மருத்துவரானார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது.

அடைப்பானைக் கண்டறிதல்

வோல்ஸ்டைனில் அவருக்கு ஆய்வுக்கூடம் இல்லை, நூலகம் இல்லை, உடன் ஆராய்வார் இல்லை. நோயாளிகளைப் பார்க்கும் அறையின் ஒரு பகுதியை மறைத்து, மனைவியார் அளித்த நுண்ணோக்கி ஒன்றைக்கொண்டு ஆராயத் தொடங்கினார். அப்பகுதியின் ஆடுமாடுகளை அடைப்பான் நோய் வாட்டி வந்தது. அதனால் இறந்த விலங்கின் குருதியிற் கோல் வடிவான நுண்ணுயிர்கள் உள்ளன என்பதைப் பிறர் முன்னரே கண்டிருந்தனர். அவையே நோய்க்குக் காரணமா, அன்றி நோயின் விளைவா என்பதே வினா.

கோக் சிறு மரச்சிராயைக் கூராக்கி, நோயுற்ற விலங்கின் குருதியில் தோய்த்து, எலிகளுக்குக் குத்தினார், எலிகள் இறந்தன. நல்ல விலங்கின் குருதியைக் குத்திய எலிகள் பிழைத்தன. பின்னர், எருதின் கண்ணிலிருந்து எடுத்த தெளிநீரில் அந்நுண்ணுயிர்களை வளர்த்தார். அவை கோலாய் நீள்வதையும், வளம் குன்றியபோது வன்மையான ஓடு கொண்ட வித்துகளாய் ஒடுங்குவதையும், மீண்டும் ஏற்ற நிலை வாய்க்கும்போது கோலாய் எழுவதையும் இரவும் பகலும் நோக்கியிருந்து வரைந்தார். மேய்ச்சல் நிலம் ஆண்டுக்கணக்கில் நஞ்சாய்க் கிடப்பது ஏன் என்பது இதனால் விளங்கிற்று. 1876இல் பிரெஸ்லாவு நகரம் சென்று, பேராசிரியர் பெர்டினாந்து கோன் முன்னிலையில் தம் சோதனைகளைச் செய்து காட்டினார். பெயரறியா ஊர் மருத்துவர் ஒருவர், குறிப்பிட்ட ஒரு நோய்க்குக் குறிப்பிட்ட ஒரு நுண்ணுயிரே காரணம் என்பதை அன்று நிலைநாட்டினார். அவருக்கு முதற்புகழ் தேடித் தந்ததும் மாட்டு நோயே என்பது கருதத்தக்கது.

பெர்லினும் கல்கத்தாவும்

1880இல் பெர்லின் நகரத்து அரசாங்க நலத்துறைக்கு அவர் அழைக்கப்பெற்றார். பல்வேறு நுண்ணுயிர்கள் ஒரே நீரிற் கலந்து வளருமாயின், எது எந்நோயைத் தந்தது என்று அறிதல் இயலாது. வெட்டி வைத்த உருளைக்கிழங்கின்மேல் வெவ்வேறு நிறப்புள்ளிகள் தனித்தனியே தோன்றுவதை நோக்கிய கோக், திடப்பொருளின்மேல் வளர்த்தால் நுண்ணுயிர்கள் தனித்தனியே பிரியும் என்று உணர்ந்தார். கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகர் என்னும் பொருளைப் பயன்படுத்தும் யோசனையை அவருடைய ஆய்வுக்கூடத்தில் உழைத்த ஹெஸ்ஸே என்பவரின் மனைவியார் கூறினார். அதனை ஊற்றி வைக்கும் மூடியுள்ள கண்ணாடித் தட்டை உதவியாளர் பெட்ரி 1887இல் அமைத்தார். இன்று நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும் அத்தட்டு அவர் பெயராலேயே வழங்குகின்றது.

1882 மார்ச்சு 24ஆம் நாள், காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த செய்தியைக் கோக் பெர்லின் அறிஞர் அவையில் வெளியிட்டார். மறு ஆண்டு, வாந்திபேதியின் காரணத்தை நாடி எகிப்துக்கும், ஆங்கிருந்து கல்கத்தாவுக்கும் சென்றார். வளைந்த வடிவுடைய அந்நுண்ணுயிரை நோயாளிகளிடத்திலும், மக்கள் நீர் முகக்கும் குளமொன்றிலும் கண்டு, 1884இல் உலகுக்கு அறிவித்தார். இந்திய மண்ணில் அவர் அடி வைத்தது இதுவே முதன்முறை.

இவ்வெற்றிகளால் அவரிடத்து ஒரு வகை நம்பிக்கை வேரூன்றிற்று. முதலில் பகையைக் கண்ணாற் காண்க. பின்னர் அதனைத் தனியே பிரித்து வளர்க்க. அதன்பின் அதுவே நோய் தருவதென மெய்ப்பிக்க. இவ்வொழுங்கே அவருடைய நெறி. அதே காலத்தில் பிரான்சு நாட்டுப் பாஸ்டர், நோயைத் தரும் பொருளைத் தளர்வுறச் செய்து, அதனையே காப்பாக உடலுட் செலுத்தும் நெறியிற் சென்றார். கோக் கண்ட அடைப்பானுக்கு 1881இல் தடுப்பூசி அளித்தவர் பாஸ்டரே. இருவர்க்கும் இடையே நட்பு இருந்ததில்லை.

1890இல் கோக் பெரியதோர் இடறலுக்கு உள்ளானார். டியூபர்குலின் என்னும் பொருள் காசநோயைத் தீர்க்கும் என்று அறிவித்தார். அதன் இயல்பை முதலில் வெளியிடவுமில்லை. உலகெங்குமிருந்து நோயாளிகள் பெர்லினுக்கு விரைந்தனர். நோய் தீரவில்லை, சிலர் இறந்தும் போயினர். மருந்தாகத் தோற்ற அப்பொருள், நோயைக் கண்டறியும் கருவியாக நிலைத்தது. மாடுகளுக்குக் காசநோய் உண்டா என்று சோதிக்க இன்றும் அவ்வகைப் பொருளே பயன்படுகின்றது.

ஆப்பிரிக்காவில் வெக்கை

இந்நிலையில் வெக்கை ஆப்பிரிக்காக் கண்டத்தைச் சூறையாடிக்கொண்டிருந்தது. 1880களின் இறுதியில் இத்தாலியப் படைக்கெனச் செங்கடற்கரை மசாவாத் துறைமுகத்தில் இறக்கிய மாடுகளோடு அந்நோய் ஆங்குப் புகுந்தது என்றும், அம்மாடுகள் இந்தியாவிலிருந்து சென்றவை என்றும் வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். எத்தியோப்பியாவில் எருதுகள் மாய்ந்து, உழவு நின்று, பெரும்பஞ்சம் தோன்றிற்று. மாடே வாழ்வாகக் கொண்ட மசாய் முதலிய மக்கள் பட்டினியால் மடிந்தனர். நோய் தெற்கு நோக்கிப் படர்ந்து 1896இல் சாம்பசி ஆற்றைக் கடந்தது. சென்ற இடமெல்லாம் மாடுகளுட் பெரும்பகுதி அழிந்தது. முள்வேலி இட்டனர், பெருந்தொகையான மாடுகளைச் சுட்டும் கொன்றனர். நோய் நிற்கவில்லை.

கேப் அரசாங்கத்தார் கோக்கை அழைத்தனர். 1896 டிசம்பரில் அவர் கிம்பர்லி நகரையடைந்து, வைரச் சுரங்கக் குழுமத்தாரின் வளாகத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தார். தம் நெறிப்படி முதலிற் பகையைத் தேடினார். குருதியில் தேடினார், மூக்கொழுக்கில் தேடினார், குடலில் தேடினார். எங்கும் காணவில்லை. அவர் வளர்தளங்களில் எதுவும் முளைக்கவில்லை. அதற்கு முன் அவர் பெற்ற வெற்றிகள் அனைத்தும் காண்டலில் தொடங்கியவை. இங்கோ காண்டலே இயலவில்லை.

கோக்கின் பெருமை இவ்விடத்தே விளங்குகின்றது. காணாத பகையைக் காணும் வரையிற் காத்திருக்க அவர் எண்ணவில்லை; மாடுகள் நாடோறும் சாய்ந்துகொண்டிருந்தன. நெறியைத் திருப்பினார். நோயுற்ற மாட்டின் ஒவ்வொரு நீரையும் நல்ல மாட்டினுட் செலுத்தி, யாது நிகழ்கின்றது என்று நோக்கினார். நோயால் இறந்த மாட்டின் பித்தநீரை நல்ல மாட்டின் தோலுக்கடியிற் செலுத்தியபோது, அம்மாட்டிற்கு நோய் வரவில்லை. சில நாட்கள் கழித்து நோய்க்குருதியையே செலுத்தியும் அது பிழைத்தது. 1897 பிப்ரவரியில் இம்முறையை வெளியிட்டார். மறைத்து வைத்த மருந்தால் முன்பு இழுக்குற்றவர், இம்முறை எவ்வுழவரும் கையாளத்தக்க வழியை அஞ்சாது உலகின்முன் வைத்தார்.

அது குறையற்ற வழியன்று. பித்தநீர் எடுப்பதற்கு முதலிற் சில மாடுகள் நோயால் மாயவேண்டும். ஒரு மாட்டிலிருந்து கிடைக்கும் அளவும் சிறிது. காப்பு நெடுநாள் நிலைப்பதில்லை. சில மாடுகளைப் பிற நோய்கள் பற்றின. ஆயினும், பெருங்கூட்டமாய் அழிந்துகொண்டிருந்த நிரைகளுட் பல அதனாற் பிழைத்தன. கோக் விட்டுச் சென்ற பணியைக் கோலேயும் டர்னரும் தொடர்ந்தனர். நோயினின்று மீண்ட மாட்டின் சீரத்தை ஒருபுறமும் நோய்க்குருதியை மறுபுறமும் ஒருங்கே செலுத்தும் முறையை அவர்கள் செப்பமாக்கினர். அது பித்தநீரினும் வலியதாய் நிலைபெற்றது.

முக்தேசுவரம்

கோக் ஆப்பிரிக்காவில் நெடிது தங்கவில்லை. பம்பாயிற் பிளேக்கு பரவியதால் 1897இல் மீண்டும் இந்தியா போந்தார். நம் நாட்டிற் கால்நடை நோய்களை ஆராய 1889இல் பூனாவிற் தொடங்கிய அரசாங்க ஆய்வுக்கூடம், 1893இல் இமயமலைச் சாரலின் குமாயூன் பகுதியிலுள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றப்பெற்றிருந்தது. கொடிய கிருமிகளைக் கையாளும் இடம் ஊரினின்று விலகியும், குளிர்ந்தும் இருத்தல் நலம் என்பது கருத்து. இலிங்கார்டு என்பவர் அதன் தலைவர். அரசாங்கத்தார் வேண்டுகோட்படி கோக்கும், கேஃப்கி, பைஃபர் என்னும் அவர்தம் துணைவரும் அவ்வாண்டில் அம்மலையேறி, வெக்கைக்குரிய காப்பு முறைகளைப் பற்றி ஆலோசனை கூறினர். ஈராண்டு கழித்து, 1899இல், வெக்கைக்கெதிரான சீரம் ஆங்கு உருவாகத் தொடங்கிற்று. இந்திய மாட்டைக் கொல்லாது காக்கும் முயற்சிக்கு அம்மலையுச்சியே பிறப்பிடமாயிற்று.

பிற்காலமும் பிழைகளும்

பெரியோர் வரலாற்றில் நிறையை மட்டும் கூறுதல் வரலாறாகாது. 1901இல் இலண்டனில் கூடிய காசநோய் மாநாட்டில், மாட்டின் காசநோய் மக்களைத் தாக்குவது மிக அரிது என்றும், பாலைப் பற்றி அஞ்சவேண்டா என்றும் கோக் உரைத்தார். ஆங்கிலேய அரசாங்கத்தார் அமைத்த குழு பல்லாண்டு ஆராய்ந்து, அக்கூற்று பிழையென்று 1911இல் முடிவு கூறிற்று. அவர் சொல்லை நம்பிப் பாலைக் காய்ச்சாது குழந்தைகட்கு அளித்தோர் இருந்திருப்பின், அப்பிழையின் விலை சிறிதன்று.

1906இலும் 1907இலும் விக்டோரியா ஏரித் தீவுகளில் உறக்கநோயை ஆராய்ந்தபோது, அட்டாக்சில் என்னும் நஞ்சு கலந்த மருந்தை மிகுந்த அளவில் கொடுத்தார். நோயாளிகளுட் சிலர் பார்வையிழந்தனர். அயலார் ஆட்சியில் வாழ்ந்த அவ்வெளிய மக்கள் மறுக்கும் நிலையில் இல்லை. அறிவு அன்பினின்று சிறிது விலகினும் யாது நேரும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

1905இல் காசநோய் ஆராய்ச்சிக்காக அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 1910 மே 27ஆம் நாள் பாடன்-பாடன் நகரில் தம் 66ஆம் வயதில் உயிர் நீத்தார். அவருடைய எலும்புச் சாம்பல் பெர்லினில் அவர் பெயர் தாங்கிய நிலையத்திலேயே வைக்கப்பெற்றுள்ளது. அவரிடம் பயின்ற ஜப்பானிய அறிஞர் கிதசாதோ, தம் நாட்டில் ஆசிரியருக்குக் கோயில் எடுத்து வழிபட்டார்.

தொடங்கியதை முடித்தோர்

கோக் கிம்பர்லியிற் தேடியும் காணாத பகை யாது? 1902இல் கான்ஸ்டாண்டிநோபிளில் நிக்கோல் என்பவரும் ஆதில் பே என்பவரும், நுண்ணுயிர்களைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியின் வழியும் வெக்கை நஞ்சு ஊடுருவிச் செல்வதைக் காட்டினர். அது வைரஸ் ஆகும். கோக்கின் நுண்ணோக்கிக்குத் தென்படாத சிறுமையுடையது. உயிருள்ள உடலணுவினுள் அன்றி வேறெங்கும் வளராதது. அவர் தேடியதிற் குறையில்லை. தேடிய கருவிக்கு அது எட்டவில்லை. மக்களைத் தாக்கும் தட்டம்மையின் வைரஸுக்கு இது நெருங்கிய உறவு என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று.

1920களில் எட்வர்ட்ஸ் என்பவர் முக்தேசுவரத்தில் அவ்வைரஸை வெள்ளாட்டின் உடலில் ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுக்கணக்கான முறை செலுத்தினார். மாட்டைக் கொல்லும் வன்மையை அது படிப்படியே இழந்து, காக்கும் தன்மையை மட்டும் கொண்டது. அவ்வாட்டுத் தடுப்பு மருந்து இந்திய ஊர்களெங்கும் பரவிற்று. 1954இல் நாடளாவிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. 1960ஐ ஒட்டிக் கென்யாவில் பிளௌரைட் என்பவர் கன்றின் சிறுநீரக அணுக்களைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து, அவற்றினுள் வைரஸைத் தளர்வுறச் செய்தார். பித்தநீருக்கு மாடு மாயவேண்டியிருந்தது. ஆட்டு மருந்துக்கு ஆடு மாயவேண்டியிருந்தது. இப்போது குப்பியிலேயே காப்பு விளைந்தது. வெக்கை வைரஸிற் காப்பு வேறுபடும் இனங்கள் இல்லாமையால் ஒரே தடுப்பூசி எல்லா நாட்டிற்கும் பயன்பட்டது. ஒருமுறை பெற்ற காப்பும் நெடிது நிலைத்தது.

1995க்குப் பின் இந்தியாவில் வெக்கை காணப்படவில்லை. 2011இல் உலகினின்றே அது ஒழிந்ததென உலக அமைப்புகள் அறிவித்தன. மக்களைத் தாக்கிய பெரியம்மைக்கு அடுத்தபடியாக மாந்தர் முயற்சியால் உலகைவிட்டு நீங்கிய நோய் இஃதொன்றே.

முடிவுரை

வெக்கை ஒழிந்தது, அதன் உறவு ஒழியவில்லை. 1987இல் அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூர் என்னும் ஊரில், ஆடுகளிடையே புதியதொரு நோய் கண்டறியப்பெற்றது. காய்ச்சலும் மூக்கொழுக்கும் நுரையீரல் வீக்கமும் கழிச்சலும் அதன் குறிகள். ஆட்டுக்கொல்லி நோய் என்பது அதன் பெயர். இந்தியாவில் அது முதன்முதல் வெளிப்பட்டது, செஞ்சிக்கு நெடுந்தொலைவில் இல்லாத அவ்வூரிலேயே. அவ்வூரிற் கிடைத்த வைரஸையே தளர்வுறச் செய்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசி ஆக்கினர். கோக் ஏறிச் சென்ற முக்தேசுவரத்து அறிஞரும் அந்நோய்க்கு வேறொரு தடுப்பூசி கண்டனர். 2030ஆம் ஆண்டுக்குள் அந்நோயையும் உலகினின்று நீக்குவது நாடுகள் கொண்டுள்ள குறிக்கோள்.

கோக் வெக்கையைக் கண்டாரல்லர், வென்றாருமல்லர். அவர் தந்த பித்தநீர் முறை மிகச் சில ஆண்டுகளே வழக்கிலிருந்தது. ஆயினும், கண்ணுக்குப் புலப்படாத பகையையும் ஒழுங்கான சோதனையால் தடுத்தல் கூடும் என்பதை அவர் காட்டிச் சென்றார். பிழைபடாதவர் என்பதனால் அன்று, பிறர் சோதித்துப் பிழை காணத்தக்க வகையில் தம் வழிகளை வைத்துச் சென்றமையால் அவர் பெரியரானார். அவர் மறைத்தது தோற்றது; வெளிப்படையாய் வைத்தது வளர்ந்தது. முழு வெற்றி நம் கையில் வாராவிடினும், அடுத்து வருவோர் ஏந்தத்தக்க ஒரு கருவியைச் செம்மையாய் ஆக்கி வைத்தலும் வெற்றியே. மேல்சித்தாமூர்த் தொழுவங்களில் இன்று கட்டி நிற்கும் கன்றுகள் வெக்கை என்னும் சொல்லின் பொருளை அறியா. மீட்ட கரந்தை வீரர் பெயர்களையும் அவை அறியா. கற்றறியும் வாய்ப்புப் பெற்ற நாமேனும் அறிந்திருத்தல் கடன் அன்றோ?